முன் பிரேக் புடிக்கல

"புடிச்சாச்சு" என்றாள் வசந்தாமணி. சபாபதி எட்டாம் நம்பர் ஸ்பேனரைக் கால் சுற்று தளர்த்தினார். முன்சக்கரத்தை ஒட்டி, பிரேக்கின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த அந்தச் சின்ன நிப்பிளிலிருந்து ஆயில் கிளம்பி டியூபுக்குள் ஏறியது, கூடவே ஒரு குமிழி, கடுகு அளவு, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதைவிடப் பொடிசு, இரண்டும் அவசரமே இல்லாமல் வளைவில் ஏறி, இறங்கி, ஊறுகாய் பாட்டிலில் இருந்த பழைய ஆயிலுக்குள் போய்க் காணாமல் போயின. ஸ்பேனரை இறுக்கினார். "உடு" என்றார். அவள் கைப்பிடியில் இருந்த பிரேக் லிவரை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கணபதி ஏரியாவில் அந்த வீதியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கிடந்தது. கார் வாங்கும் யோசனையில் கட்டி, கார் வாங்காமலே போனதால் பைக்குக்குப் பட்டா ஆகிவிட்ட போர்ட்டிகோவில் அவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில், இடது காலை நேராக நீட்டிக்கொண்டு, வலது கை லிவரில். மூன்று தரம் அமுக்கி, மூன்றாவது தரம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்ததைச் சொல்ல வேண்டும், அவர் திறந்து மூடி 'உடு' என்ற பிறகுதான் விட வேண்டும். இதற்குப் பெயர் ஏர் எடுப்பது. ஆயிலுக்குள் ஒரு துளி காற்று மாட்டிக்கொண்டாலும் போச்சு, கையின் பலமெல்லாம் அந்தக் காற்றை நசுக்கவே செலவாகிவிடும், சக்கரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. மூன்று தரம் அமுக்கினாள். "புடிச்சாச்சு." மறுபடி குமிழி. இந்தக் குமிழிகள் தீர்ந்துவிடக் கூடாதே என்று சபாபதியின் மனசுக்குள் ஒருத்தன் வேண்டிக்கொண்டிருந்தான். தீர்ந்துவிட்டால் பிரேக் சரியாகிவிடும், பிரேக் சரியாகிவிட்டால் சாயங்காலம் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவாள். காலையில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள்: "பிரேக் சரியாச்சுன்னா சாயங்காலம் ஒரு ரவுண்டு நானும் ஏறிக்கறேன்." பத்து மாசத்தில் முதல் தடவை. அவர் சட்னியைப் பார்த்துக்கொண்டே ம் என்றார். அவள் ஏறுவதற்குள் சொல்லியாக வேண்டும். குமிழி இருக்கும் வரைக்கும் அவகாசம் இருக்கிறது.

டியூபு மருந்துக்கடையில் வாங்கியது, குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபு. பைக் கடையில் கேட்டால் கருப்பு ரப்பர்தான் கொடுப்பான், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாது. ஆனால் இதை வாங்கியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றியது, ஏனென்றால் இதே டியூபு அவள் புறங்கையில் இருந்து மேலே கம்பியில் தொங்குகிற பாட்டில் வரைக்கும் போய்க்கொண்டிருந்த மத்தியானங்களில் அவர் இப்படியேதான் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார், காற்று உடம்புக்குள் போனால் ஆளையே தீர்த்துவிடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு. நர்ஸம்மா வந்து "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்று துரத்தினால் ஒழிய நகர மாட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு வாகை மரம் நின்றது. அதன் காய்கள் காற்றில் கலகலவென்று ஆடும் சத்தத்தில் கண் சொக்கும், சொக்கினால் குமிழி போய்விடுமே என்று தொடையைக் கிள்ளிக்கொள்வார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, ஏழு ஸ்க்ரூ. ஏழா எட்டா என்று கேட்டதற்கு டாக்டரே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணிச் சொன்னார். ஸ்க்ரூ பற்றி இவருக்கென்ன கேள்வி என்று அவருக்குத் தோன்றியிருக்கும். சபாபதி பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறவர், முடி அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிறவர், எண்ணாமல் அவருக்குத் தூக்கம் வராது. அதே ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்த சின்ன வயசு டாக்டர் தலையைத் தூக்காமல் எப்படிங்க ஆச்சு என்று கேட்டார். சபாபதி சொன்னார்: "முன் பிரேக் புடிக்கலைங்க."

அவ்வளவுதான் சொன்னார். அதில் பொய் ஒரு எழுத்து கிடையாது. அதைத்தான் பத்து மாசமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், சாமானைக் கையில் வைத்து வெளிச்சத்தில் உருட்டுவது மாதிரி. முன் பிரேக் புடிக்கல. பிரேக் வேலை செய்யவில்லை என்றும் ஆகும், பிரேக்கை நான் பிடிக்கவில்லை என்றும் ஆகும். யார் பிடிக்கவில்லை என்று நம் பாஷையில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, சாப்பிட்டாச்சு என்றால் போதும், யார் சாப்பிட்டது என்று கேட்கிற வீடு உண்டா. டாக்டர் பிரேக் ஃபெயிலியர் என்று எழுதிக்கொண்டார். மச்சான் வந்து, "நாப்பது வருசத்து வண்டிங்க மாமா, பின்ன என்ன பண்ணும்" என்றான். கம்பெனியில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒவ்வொருத்தரும் ஒரு கல் எடுத்து வைக்க, அந்த ஒரு வரி வீடு மாதிரி எழும்பி நின்றுவிட்டது, அவர் உள்ளே குடியேறிவிட்டார். நான் என்ற ஒரு வார்த்தை வெளியே நிற்கிறது. அதை உள்ளே கூப்பிட்டால் வீடு இடிந்துவிடும். ஆபரேஷன் மயக்கம் தெளிந்த அன்றைக்கு வசந்தாமணி கேட்டதும் அதையேதான் சொன்னார், அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "செரி உடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இறங்குகிற வரைக்கும் அவர் காதுக்குப் பின்னால் ரேடியோ ஓடும். இப்போது வீட்டிலேயே கேட்டதற்குப் பதில், அதோடு சரி. கோபமா, வலியா, அவருக்கு விளங்கவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

"ஏனுங்க, தொறக்கலீங்களா? கை வலிக்குது." ஆமாம், அவள் எப்போதோ பிடித்துவிட்டாள். திறந்தார். குமிழி, ஒன்றே ஒன்று. மூடினார். "உடு." லிவர் என்று ஒன்று அங்கே இருப்பதே தெரியாத மாதிரி முப்பத்தைந்து வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறார் என்று சொன்னால் யார் நம்புவார்கள். முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி அடித்துவிடும். இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தால் ஒரு முகமும் நினைவுக்கு வராது, எல்லோரும்தான் சொன்னார்கள், சைக்கிள் பழகின நாளிலிருந்து ஊரே சொன்னது, லைசென்ஸ் வாங்கப் போன கிரவுண்டில் எட்டுப் போடும்போது பக்கத்தில் நின்றவன்கூடச் சொன்னான், முன்னாடி கைய வெக்காதீங்க, கால மட்டும் மிதிங்க. அது அறிவில் போய் உட்கார்ந்திருந்தால் பிடுங்கியிருக்கலாம், விரலில் போய் உட்கார்ந்துவிட்டது. புத்தகத்தில் வேறே படித்திருக்கிறார். வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன்னால்தான் சாயும், முன் பிரேக்தான் முக்கால்வாசி வேலை செய்யும், பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சக்கரம் சிக்கி வழுக்கும் என்று கேண்டீனில் டிரெய்னிகளுக்கு டம்ளரைச் சரித்துக் காட்டிப் பாடமே எடுத்திருக்கிறார், கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். எடுத்துவிட்டு அன்று சாயங்காலம் காலாலேயே மிதித்து வீட்டுக்கு வந்தார். வால்பாறை எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து இந்த எழுபத்தொன்பதாம் வருஷத்து ஜப்பான் வண்டியை வாங்கினதற்குக் காரணமே முன்னால் பளபளவென்று நின்ற அந்த டிஸ்க்தான். அந்தக் காலத்தில் முன்னால் டிஸ்க் வைத்த வண்டியா என்று சிக்னலில் ஆட்கள் குனிந்து பார்ப்பார்கள். அவர் பெருமையாகக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பார்.

அன்றைக்கும் அப்படித்தான். பொள்ளாச்சி ரோடு, காலை வெயில், புளிய மர நிழல் ரோட்டில் விழுவதும் விலகுவதுமாக ஓடிக்கொண்டிருந்தது, நிழலுக்குள் போனால் குளிரும், வெளியே வந்தால் சூடு, குளிர், சூடு, குளிர், சூடு, என்ஜின் சத்தம் அடிவயிற்றில் தாலாட்டு மாதிரி. அவள் பின்னால் எதையோ பேசிக்கொண்டு வந்தாள், எதையென்று அன்றும் கேட்கவில்லை, அவர் ம் கொட்டினார், அதற்கு என்னமோ பதில்கூடச் சொன்னார். பால் வண்டி ஒன்று முன்னால் நின்றது. திடீரென்று ஒன்றும் நிற்கவில்லை, நிற்கிறேன் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் நின்றது, இன்றைக்கும் கண்ணை மூடினால் அதன் பின்னால் அடுக்கியிருந்த கேன்களை எண்ணிவிடலாம், மேல் வரிசையில் ஐந்து. அவ்வளவு நேரம் இருந்தது. கால் மிதித்தது. பின்சக்கரம் சிக்கிற்று, வண்டியின் வால் மெதுவாக இடது பக்கம் போயிற்று, அவர் நான்கு விரலும் கைப்பிடியைச் சுற்றியே இருந்தன, ஒரு அங்குலம் முன்னால் லிவர் இருந்தது, ஒரே ஒரு அங்குலம், அந்த ஒரு அங்குலத்தைத் தாண்ட விரலுக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் கால் மேல் வண்டி கிடந்தது. அவள் கத்தவில்லை, "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே" என்றுதான் கேட்டாள், அதை நினைக்கும்போதெல்லாம் ஸ்பேனரால் தன் மண்டையிலேயே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்த வேலை ஆரம்பித்தது. ஊரெல்லாம் பிரேக் கெட்டது என்று சொல்லும்போது பிரேக்கைப் பிரிக்காமல் இருக்க முடியுமா. முதலில் ஒப்புக்குத்தான் பிரித்தார். பிரித்துப் பார்த்தால், அட, செய்வதற்கு நிறையவே இருந்தது. டிஸ்க்கைக் கவ்வுகிற பேடைத் தள்ளும் பிஸ்டனில் துரு பொரி பொரியாக இருந்தது, அதை எடுத்துவிட்டுப் பழைய அளவுக்கே ஸ்டெயின்லெஸ்ஸில் கம்பெனி லேத்தில் ஒன்று கடைந்தார், சீல் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. நாற்பது வருஷத்து ரப்பர் ஹோஸ், லிவரைப் பிடித்தால் லேசாக உப்பும், பலமெல்லாம் உப்புவதிலேயே போய்விடும், அதற்குப் பதில் ஸ்டீல் வலை போட்ட ஹோஸ். டிஸ்க் கண்ணாடியாக மின்னிற்று, மின்னினால் பிடிக்காது என்று எமரி பேப்பரை வட்ட வட்டமாகத் தேய்த்து அதன் அழகைக் கெடுத்தார். கைப்பிடி மேல் இருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கொஞ்சம் சின்னதாக மாற்றினார். லிவர் அதிக தூரம் உள்ளே வரும், ஆனால் அதே விரல் பலத்துக்கு ஒன்றரைப் பங்கு அழுத்தம் கொடுக்கும். ஒவ்வொன்றும் கைக்குள் வழுவழுவென்று வந்து உட்காரும்போது மனசு அப்படியே மிதக்கும், மணி பத்தா நான்கா என்று தெரியாது, வசந்தாமணி ஊன்றுகோலோடு வாசல் வரைக்கும் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பியை வைத்துவிட்டுப் போவாள். அவள் பார்வையில் ஒரு மாதிரி மரியாதை இருந்தது. அதைத் தாங்க முடியாமல் அவர் இன்னும் குனிந்துகொள்வார். பிரேக்கைச் சரிபண்ணச் சரிபண்ண அந்த வரியும் உறுதியாகிக்கொண்டே போயிற்று, இவ்வளவு சரிபண்ண வேண்டியிருந்த பிரேக் அன்றைக்குக் கெட்டுத்தானே இருந்திருக்கும் என்று அவரே பாதி நம்ப ஆரம்பித்தார். தொட்டே பார்க்காத பிரேக் கெட்டிருந்தது என்று எப்படித் தெரியும் என்று மீதிப் பாதி கேட்டது.

லிவர் டப்பென்று திரும்பிய சத்தம் கேட்டது. அவர் இன்னும் நிப்பிளை மூடவில்லை. டியூபில் இருந்த ஆயில் சர்ரென்று பின்னால் ஓடிவந்து உள்ளே போயிற்று, பின்னாலேயே ஒரு விரல் நீளத்துக்குக் காற்று. வசந்தாமணியின் முகம் வெளுத்துவிட்டது. "உட்டுட்டனுங்க. நீங்க சொல்றதுக்குள்ள உட்டுட்டேன். எல்லாம் என்னாலதான், போச்சா?" ஒரு டியூபு காற்றுக்கு இந்தப் பயமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "நான்தான் மூட லேட் பண்ணிட்டேன், ஒண்ணும் போகல" என்றார். "இல்லீங்க, நான்தான் எதையோ யோசிச்சுட்டு இருந்துட்டேன்" என்றாள். இவள் எதற்கு இப்படிப் பழியை ஓடிப்போய் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்று ஒரு நிமிஷம் அந்த யோசனை வந்து முட்டியது, பிறகு டியூபுக்குள் ஆயில் ஆடிக்கொண்டிருந்ததில் அது வழுக்கிப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. மூன்று தரம் அமுக்கு. புடிச்சாச்சு. உடு. புடிச்சாச்சு. உடு. இருபது தரம் இருக்கும், முப்பது தரம் இருக்கும். இரண்டு பேர் குரலும் சேர்ந்து ஏதோ பஜனை மாதிரி ஆகிவிட்டது, பத்து மாசத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் மாற்றி மாற்றிப் பேசியதே இல்லை. கடைசியில் டியூபில் ஒன்றுமே வரவில்லை, சுத்தமான ஆயில் மட்டும். அவர் இன்னும் நான்கு தரம் பார்த்தார். ஒரு பொடிக் குமிழிகூடக் கிடையாது.

"கல்லாட்ட இருக்குதுங்க" என்றாள் லிவரைப் பிடித்துப் பார்த்து. முகத்தில் சிரிப்பு வந்தது. "ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வாங்க. நான் அதுக்குள்ள சீலைய மாத்திக்கறேன்."

வீதி அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. வெயில் மஞ்சளாகிவிட்டது. முதல் கியர், இரண்டு, மூன்று. டிரான்ஸ்ஃபார்மரைக் குறி வைத்துக்கொண்டார், அதற்கு நேரே நிறுத்த வேண்டும். காதோரம் காற்று. இப்போது பிடி. பத்து மாசம் இதற்காகத்தானே. பிஸ்டன் புதுசு, ஹோஸ் புதுசு, பேடு புதுசு, இரண்டு விரல் போதும், தொட்டால் போதும். வண்டி கனவில் ஓடுகிற மாதிரி சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, கொய்யா மரம் போயிற்று, மூடிய அரிசிக்கடை போயிற்று, இப்போது, இதோ இப்போது, விரல்களைப் பார்த்தார், நான்கும் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. கால் மிதித்தது. டயர் க்ரீச்சென்றது. டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி இரண்டு வீடு தள்ளி நின்றார். திருப்பிக்கொண்டு மறுபடி வந்தார். இந்தத் தடவை இரண்டு விரலை முன்கூட்டியே லிவர் மேல் எடுத்து வைத்துக்கொண்டார், அதன் சில்லிப்பு தெரிந்தது, அதன் வளைவு தெரிந்தது, வசந்தாமணியின் கை வியர்வைகூட அதில் இருந்தது. விரல் மடங்கவில்லை. உலகத்திலேயே நன்றாகப் பிடிக்கிற முன் பிரேக் அந்த வண்டியில் இருந்தது, அதை அவர் காலால் மிதித்து நிறுத்தினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இதே வண்டியில், இதே விரலை நம்பி, அவள் ஏறப்போகிறாள்.

அவள் கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். அரக்கு நிறச் சேலை, தலையில் பூக்கூட வைத்திருந்தாள். "எப்படிங்க புடிக்குது?" என்றாள்.

"தெரியல" என்றார்.

"தெரியலீன்னா?"

"நான் புடிக்கல." சொல்லிவிட்டார். என்ஜினை அணைத்தார், இல்லாவிட்டால் அடுத்தது அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காமல் போகட்டும் என்று ஆசை வந்துவிடும். "இப்பவும் புடிக்கல. அன்னிக்கும் நான்தான் புடிக்கல, வசந்தா. பிரேக்கு மேல ஒரு குத்தமும் இல்ல. நான் கையே வெக்கல, பயத்துல கால்லயே மிதிச்சேன், அதுலதான் வழுக்கிருச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும். அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் பேசுனதால இல்லீங்களா?" என்றாள்.

"எது?"

"எங்க அக்கா புள்ளைய உடுமலைல கட்டிக் குடுக்கலாமான்னு கேட்டேன். நீங்க தலையத் திருப்பி எனக்குப் பதில் சொன்னீங்க. அடுத்த நிமிசம் கீழ கெடந்தோம்." "நான் வாய மூடிட்டு வந்திருந்தா உங்க கவனம் செதறியிருக்காதுன்னு நெனச்சேன். என்னைச் சொல்லக் கூடாதுன்னுதான் நீங்க பிரேக்கு மேல போடறீங்க, அதை நம்ப வெக்கறதுக்குத்தான் ஞாயித்துக்கெழமையெல்லாம் உக்காந்து கழட்டி மாட்டறீங்கன்னு நெனச்சேன். இவுருக்கு எத்தனை பெரிய மனசுன்னு. பத்து மாசமா நெனச்சுட்டு இருக்கறனுங்க."

வண்டியை ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தக் காப்பி டம்ளர்கள், அந்த மரியாதையான பார்வை, அவள் அவருக்கு முன்னால் வாயைத் திறக்க ஒவ்வொரு தடவையும் யோசித்தது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. தன்னுடைய ஒரு வார்த்தையை ஒளித்துவைக்கப் போய் அவளுடைய அத்தனை வார்த்தையையும் பிடுங்கிக்கொண்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"சாயங்காலம் நான் ஏறல" என்றாள். "நீங்க போய்ப் புடிச்சுப் பழகுங்க. ஏறறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்."

"சரி" என்றார். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "ஏதாச்சும் பேசு வசந்தா" என்றார்.

"இனி என்னத்தப் பேச" என்றாள் அவள். "அந்தப் புள்ளைக்குக் கல்யாணமே ஆகிப்போச்சு."